சமய வரலாறும் சமயப் பற்றும்

ஒரு சமயத்திற் பிறந்து, அதன் நெறி நின்று, அதன் நூல்களை ஓதி, அதன் அடியாரொடு கூடி வாழ்ந்து வருவார் ஒருவர், தாம் இளமை தொட்டுக் கேட்டு வந்த அச்சமய வரலாற்றிற் சில பகுதிகள் நிகழ்ந்தவாறு கூறப்பட்டன அல்ல என்பதைச் சான்றுகளாற் காண நேரின், அவர் செய்யத்தக்கது யாது? கண்ட சான்றைக் காணாதார் போன்று விடுவதா? சமயத்தையே கைவிடுவதா? இவ்விரண்டின் வேறாய வழி ஒன்று உண்டா? அச்சுப் புத்தகமும், கல்வெட்டாராய்ச்சியும், ஏட்டாராய்ச்சியும் பரவிய பின்னர் இவ்வினாவை எதிர்ப்படாத சமயம் உலகில் இல்லை எனலாம். இதனை ஆராய்தற்குப் புதுச்சேரி நகரம் மிகவும் ஏற்ற இடமாகும். வேதம் என்னும் பெயராற் புனையப்பட்ட பொய்ந்நூல் ஒன்றன் ஏடுகள் கண்டெடுக்கப்பட்டது அந்நகரில். சைவாகமச் சுவடிகள் பெருந்தொகையாகத் திரட்டிக் காக்கப்பெற்று வருவதும் அந்நகரிலேயே.

ஆராய்ச்சியால் ஆட்டங்காணும் செய்திகள் யாவும் ஒரு தன்மைய அல்ல. பொய்யென அறிந்தே புனைந்துரைத்தல் ஒரு வகை. உண்மையை அறிந்தும் அதனை அடியார் காணாவண்ணம் மறைத்தல் மற்றொரு வகை. முன்னோர் நல்லெண்ணத்தொடு வழிவழிக் கூறி வந்தது, பின்னர்க் கிடைத்த சான்றொடு பொருந்தாது நிற்றல் மூன்றாம் வகை. இம்மூன்றனையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே ஐயமுற்றார் அளவிறந்து சினத்தலும், சமயத் தலைவர் அளவிறந்து அஞ்சுதலும் உண்டாகின்றன. ஆதலின் ஒவ்வொன்றற்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கொண்டு ஆராய்தல் தகும்.

முதலாவதற்குரிய எடுத்துக்காட்டு 'எசூர் வேதம்' என்பதாகும். பிரெஞ்சு மொழியில் அமைந்த அந்நூலை, இந்தியாவிற் படைத்துறையிற் பணிபுரிந்து மீண்ட மோதாவ் என்னும் பிரெஞ்சுப் பிரபு 1760-ஆம் ஆண்டில் வால்டேர் என்னும் பேரறிஞர்க்கு அளித்தார். யசுர் வேதத்தின் மொழிபெயர்ப்பு இதுவே என வால்டேர் நம்பினார். அலெக்சாந்தர் படையெடுப்பிற்கும் முற்பட்ட நூல் என அதனைப் போற்றினார். பிரெஞ்சு மன்னரது நூல் நிலையத்தில் அதனை வைப்பித்தார். 1778-ஆம் ஆண்டில் அஃது அச்சேறிற்று. சுமந்து என்னும் முனிவரும் வியாசரும் உரையாடுவதாக அமைந்த அந்நூல், உருவ வழிபாட்டையும் புராணச் செய்திகளையும் மறுத்து, ஒரு தெய்வக் கொள்கையை நிறுவிச் செல்கின்றது. நான்கு ஆண்டு கழித்து, 1782-இல், இந்நாட்டைச் சுற்றிக் கண்ட சொன்னேரா என்பார், இது வேதம் அன்று, பாதிரிமார் ஒருவர் செய்த சமய வாதநூலே என எழுதினார். சென்னையிற் கலெக்டராயிருந்தவரும் திருக்குறட்குரை கண்டவருமாகிய எல்லிஸ் துரை, அந்நூலின் ஏட்டையும், ஏனை வேதங்களின் பெயரால் அவ்வாறே இயற்றப்பட்ட பிற ஏடுகளையும் புதுச்சேரிப் பாதிரிமார் வைப்பிடத்திற் கண்டு ஆராய்ந்தார். அவர் 1819-இற் காலஞ்சென்ற பின்னர், 1822-இல் அவ்வாராய்ச்சி வெளிப்போந்து, பொய்வேதத்தின் வரலாற்றை உலகறியச் செய்தது.

அந்நூலின் நோக்கமும் பயனும் முரணியவாறு கருதத்தக்கது. இந்நாட்டவரை அவர்தம் வேதத்தின் பெயராலேயே கிறித்தவ நெறிக்கு ஈர்த்தல் வேண்டும் என்பது இயற்றினார் கருத்துப்போலும். நிகழ்ந்ததோ வேறு. கிறித்தவ மறைக்கும் முற்பட்ட தூய ஞானம் இந்தியாவில் இருந்தது என நாட்டி, அவ்வியற்றினார் சார்ந்த திருச்சபையையே தாக்குதற்கு வால்டேர் அதனைப் படைக்கலமாகக் கொண்டார். தன் சமயத்திற்குத் துணையாகுமெனப் பொய்யைக் கொண்டவர், அப்பொய் பகைவர் கைக்கு மாறுவதைத் தடுக்க மாட்டார்.

மற்றொன்றும் ஈண்டு நினைக்கற்பாலது. பொய்யை வெளிப்படுத்திய எல்லிஸ் துரை, அதனை இயற்றினார் பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த தத்துவ போதகராகிய நொபிலி பாதிரியார் எனக் கருதினார். பின்வந்த அறிஞர் அக்கருத்தை ஏற்றிலர். 1984-இல் அந்நூலை விரிவாக ஆராய்ந்து பதிப்பித்த லூடோ ரோஷே என்பார், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரிமாருள் ஒருவரே இயற்றினாராதல் வேண்டும் எனக் கொண்டார். பொய்யைக் கண்டறிந்த ஆராய்ச்சியும் பிழைபடும் என்பது இதனாற் பெறப்படும். வரலாற்றாராய்ச்சி தன்னைத் தானே திருத்திக்கொண்டு செல்வது. அதன் முதற்கூற்றே முடிந்த கூற்றாகாது.

இனி, இரண்டாம் வகையாகிய மறைப்பு. இது புனைவினும் மிகுதியாக நிகழ்வது, நல்லோரும் செய்வது. இதற்குரிய தெளிவான எடுத்துக்காட்டு அமெரிக்க நாட்டு மார்மன் சபையின் வரலாற்றில் உள்ளது. பிறர் மனையில் நிகழ்வதை நடுநிலையொடு காண்டல் எளிதாதலின், அதனை முன்னர்க் கண்டு, அதன் பின்னர்த் தம் மனையை நோக்குதல் சைவர்க்கு நன்றாம்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அச்சபையின் முழுப்பெயர். ஜோசப் ஸ்மித் என்பார் 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அதனை நிறுவினார். தேவதூதர் ஒருவர் காட்டிய பொற்றகடுகளினின்றும் தெய்வ அருளால் மொழிபெயர்த்தது என அவர் கூறிய 'மார்மன் நூல்' அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1844-இல் அவர் சிறைக்கண் பகைவர் கூட்டத்தாற் கொல்லப்பட்டார். அவர் வழியினர் மேற்குத் திசை நோக்கிச் சென்று யூட்டா நாட்டிற் குடியேறிப் பெருகினர். தமிழ்நாட்டிற்கு இச்சபை முற்றும் புதியதன்று. 1853-ஆம் ஆண்டிலேயே ரிச்சர்டு பாலண்டைன் முதலிய அச்சபைப் போதகர் சென்னைப் பட்டினத்தில் வந்து போதித்தனர். அன்று பெரும்பயன் விளைந்திலது. பின்னர், பெங்களூரில் அச்சபைக்கு ஓர் ஆலயம் எழுப்பப்படும் என 2018-இல் அறிவிக்கப்பட்டது.

அச்சபையார் உழைப்பிற் சிறந்தவர். கள் முதலியவற்றை விலக்கியவர். தம் வருவாயிற் பத்திலொன்றைச் சபைக்கு அளிப்பவர். அத்தகையாருட் பலர், தம் சபை வரலாற்றைத் தாமே கற்கத் தொடங்கிய காலத்து மனம் இடர்ப்பட்டனர். அதற்குக் காரணமாயவற்றுட் சிலவற்றைக் கூறுதும் என்னும் அளவில் ஈண்டு மூன்று காட்டப்படும். ஜோசப் ஸ்மித் பொற்றகடுகளைக் கண்முன் விரித்து வைத்து மொழிபெயர்ப்பதாகவே சபையின் ஓவியங்கள் காட்டி வந்தன. அவர் ஒரு சிறு கல்லைத் தொப்பியினுள் இட்டு, முகத்தை அதனுட் புதைத்து, அக்கல்லிற் கண்டதாகச் சொற்களைக் கூற, பிறர் எழுதினர் என்பதே உடனிருந்தார் பலரது கூற்று. இஃது ஒன்று. 1835-இல் ஸ்மித் எகிப்து நாட்டுப் பழஞ்சுவடிகள் சிலவற்றைப் பெற்று, அவற்றினின்றும் ஆபிரகாம் என்னும் முதுவரின் நூலை மொழிபெயர்த்ததாக வெளியிட்டார். அச்சுவடிகள் தீயில் அழிந்தன எனக் கருதப்பட்டிருக்க, அவற்றின் துண்டங்கள் சில நியூயார்க்கு நகரத்துக் கலைக்கூடத்தில் வெளிப்பட்டு, 1967-இல் சபையிடம் அளிக்கப்பட்டன. எகிப்து மொழி வல்லார் அவற்றைப் படித்து, அவை இறந்தார்க்கு வைக்கும் ஈமச்சடங்கு நூலின் பகுதிகளே எனக் கூறினர். இஃது இரண்டு. ஸ்மித் பல மகளிரை மணந்தமை சபையாரது பாடநூல்களில் நெடுங்காலம் விளக்கப்படாமலே இருந்தது. பலதார மணம் 1852-இல் வெளிப்பட அறிவிக்கப்பட்டு, 1890-இற் கைவிடப்பட்டது என்பதை அறிந்தாரும், நிறுவியவர் தம் வாழ்க்கையில் அதன் தொடக்கத்தை அறிந்திலர். இது மூன்று.

இவற்றை அச்சபைத் தலைவர் எதிர்கொண்டவாறு நோக்கத்தக்கது. 1972-இல் லியனார்டு ஆரிங்டன் என்னும் வரலாற்றுப் பேராசிரியரைச் சபையின் வரலாற்றாசிரியராக அமர்த்தி, ஆவணங்களை ஆராய்வார்க்குத் திறந்துவிட்டனர். உண்மைகள் பல வெளிவரக் கண்டு அஞ்சிப் பத்தாண்டிற்குள் அவ்வழியை அடைத்தனர். 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அறிஞர் அறுவர் சபையின் தண்டனைக்கு ஆளாயினர். இடையில் நிகழ்ந்த தீங்கு ஒன்று மறக்கத்தக்கதன்று. மார்க் ஆப்மன் என்பான் சபையின் தொடக்க காலத்துக் கடிதங்கள் எனப் பல பொய்யாவணங்களைத் தானே எழுதி விற்றான். சபையும் சிலவற்றை விலைகொடுத்துப் பெற்றது. தன் வஞ்சனை வெளியாகும் நிலை நெருங்க, 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெடிகுண்டால் இருவர் உயிரைப் போக்கினான்; 1987-இற் குற்றத்தை ஒப்புக்கொண்டான். மெய்வரலாறு திறந்து கிடந்திருப்பின் பொய்வரலாற்றுக்கு அத்துணை விலை இராது.

பின்னர் இணையவழி பரவிற்று. பூட்டிய அறைகட்குப் பொருளில்லாது போயிற்று. சுவீடன் நாட்டில் அச்சபையின் உயர்பொறுப்பு வகித்த ஒருவர், தாம் கற்றனவும் பிறர்க்குக் கற்பித்தனவும் தகர்ந்தன என 2013-இல் வெளிப்படக் கூறினார். அவ்வாண்டின் இறுதி தொடங்கி 2015 வரை சபையே மேற்கூறிய செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கும் கட்டுரைகளை வெளியிட்டது. அக்கல்லின் நிழற்படத்தையும் 2015-இல் வெளியிட்டது. 2008-இற் தொடங்கி 2023-இல் முடிந்த பெரும்பதிப்பில் ஸ்மித்தின் ஆவணங்கள் 27 தொகுதிகளாக வந்துள்ளன. வரலாற்றாசிரியர் இதனைப் போற்றுகின்றனர். ஆனால் முன்னரே உள்ளம் உடைந்தாருட் பலர் மீண்டிலர். அவர்தம் குறையை உற்று நோக்கின், கல்லைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் அவர் கூறும் குறை சிறிதாக, 'இதனை எம் தாய்தந்தையரும் ஆசிரியரும் கூறாதிருக்க அயலார் வாயிற் கேட்டோமே' என்னும் குறையே பெரிதாக நிற்கும். சான்று அவரது கொள்கையை அசைத்தது. மறைப்போ அவரது நம்பகத்தையே அழித்தது. கொள்கை அசைந்தவர் மீண்டும் ஆராய்வர். கூறுவார்மேல் நம்பகம் அழிந்தவர் எவர் கூற்றையும் கேளார்.

அற்றேல், பக்குவம் நோக்கி உணர்த்துதல் எச்சமயத்தார்க்கும் உடன்பாடன்றோ? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் படிமுறை சைவத்திற்கும் உண்டன்றோ? இறைவன்தானும் உயிர்கள் பக்குவம் எய்துங்காறும் மறைத்தல் என்னும் தொழிலைச் செய்கின்றான் அன்றோ? அங்ஙனமாக, இளையார்க்கு இடர் செய்யும் வரலாற்றை மூத்தார் மறைத்தல் குற்றமாமோ எனின், இவ்வினா வலியுடைத்து. மார்மன் சபையின் மூத்தோருள் ஒருவராகிய பாய்டு பேக்கர் என்பாரும், உண்மையாயினும் பயன்படாத செய்திகள் உள எனச் சபை ஆசிரியர்க்கு 1981-இல் அறிவுறுத்தினார்.

விடை வருமாறு. கூறாது விடுதல் வேறு. ஒன்றனை வேறொன்றாகக் காட்டுதல் வேறு. நான்காம் வகுப்பு மாணவற்குத் தருக்க நூல் கற்பியாத ஆசிரியர் அவனை வஞ்சித்தவர் ஆகார். அவன் கேட்டபொழுது, அப்படி ஒரு நூலே இல்லை என்பாராயின் வஞ்சித்தவரே ஆவர். படிமுறை என்பது ஏறுவார்க்கு வைத்த படி. மேற்படியை மறைத்து வைத்த சுவர் அன்று. இனி, இறைவனது மறைத்தலை மாந்தர் தமக்கு மேற்கோளாகக் கொள்ளுதல் பொருந்தாது. இறைவன் உயிரின் பக்குவத்தை உள்ளவாறு அறிவான். மறைப்பை நீக்கும் காலத்தையும் அறிவான். மறைத்தலால் தனக்கு எய்தும் பயன் ஒன்றும் இல்லான். மாந்தர் அம்மூன்றும் உடையர் அல்லர். அவர் மறைப்பினால் எய்தும் பயன் பெரும்பாலும் மறைத்தார்க்கே உரியதாகின்றது; இழப்போ மறைக்கப்பட்டார்க்கு உரியதாகின்றது. உயிரின் நலம் கருதியது என்று கூறப்படும் மறைப்பு, நிறுவனத்தின் நலம் கருதியதோ என ஒவ்வொருகாலும் வினவுதல் வேண்டும்.

இனிச் சைவத்தின் மனைக்கண் மீள்வாம் என ஆராய்ச்சி திரும்புங்கால், மீண்டும் புதுச்சேரியே முன் நிற்கும். 1954-இற் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னர், 1955-இல் அந்நகரில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பெற்றது. ழான் ஃபிலியோசா என்னும் பேராசிரியர் அதனை நிறுவினார். தமிழ்நாட்டுச் சிவாசாரியர் மனைகளிலும் திருக்கோயில்களிலும் மடங்களிலும் இருந்த ஆகமச் சுவடிகள் அங்குத் திரட்டப்பெற்றன. புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் சுமார் 11,000 என்பர். அத்தொகுப்பு 2005-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனத்தால் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றது. செல்லுக்கும் தீக்கும் இரையாகவிருந்த ஆகமங்கள் பல இவ்வாறு பிழைத்தன. சைவவுலகம் அதற்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளது. ஆயினும் அச்சுவடிகள் சைவர்க்கு மகிழ்ச்சியை மட்டும் தந்தில, வினாக்களையும் தந்தன.

அவற்றுள் தலையாயது சிவஞானபோதத்தைப் பற்றியது. புதுச்சேரிக்கு மேற்கே பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூரில், பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவர் பன்னிரண்டு நூற்பாக்களால் அந்நூலை அருளினார். அது வடமொழி இரௌரவாகமத்திலுள்ள பன்னிரண்டு சூத்திரங்களின் மொழிபெயர்ப்பு என்பது, 1785-இற் சிவபதம் எய்திய மாபாடியகாரராகிய சிவஞான முனிவர் முதலாயினார் கொள்கை. தமிழ் முதனூலே என்பார் இருபதாம் நூற்றாண்டில் எதிர்வாதம் செய்தனர். இரௌரவாகமம் என்.ஆர்.பட் என்பாரது பதிப்பாக 1961 முதல் 1988 வரை மூன்று தொகுதிகளாகப் புதுச்சேரியில் வெளிவந்தது. கிடைத்த ஏடுகளில் அப்பன்னிரண்டு சூத்திரங்கள் காணப்பெறவில்லை. அவை இருந்த படலம் இறந்துபட்டது எனின், இருக்கலாம். தமிழே முதல், வடமொழி பின்னையது எனின், அதுவும் இருக்கலாம். கிடைத்த சான்று இவ்வழக்கை ஐயத்தின் நீங்க முடித்திலது. அங்ஙனமாயின், முடியாத வழக்கை முடிந்தது என்று மாணவர்க்குக் கூறாமையே நேர்மை.

மற்றொன்று: சித்தாந்த சைவம் தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே வளர்ந்தது என்பார் உளர். நேபாள நாட்டிற் காக்கப்பெற்ற நிச்சுவாச தத்துவ சங்கிதை முதலிய பழஞ்சுவடிகளும், காசுமீர நாட்டு இராமகண்டர், தாரை நகரத்துப் போசமன்னர் முதலியோர் நூல்களும், அந்நெறி ஒருகாலத்துப் பாரதநாடு முழுதும் பரவியிருந்தமையைக் காட்டுகின்றன. நிச்சுவாசத்தின் முற்பகுதிகள் 2015-இற் புதுச்சேரியிற் பதிப்பிக்கப்பெற்றன. அவ்வடநூலாசிரியர், முத்தியில் உயிர் சிவனோடு ஒத்த நிலையைப் பெறும் என்றனர். தமிழ்ச் சந்தான குரவருள் ஒருவராகிய உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்திற் சிவசமவாதத்தை மறுத்தார். ஆகவே சித்தாந்தம் என்பது மாறாத ஒரே உருவாய் வந்தது அன்று. ஆராய்ந்து, மறுத்து, திருந்தி வளர்ந்தது. இஃது இழுக்கன்று.

இனி மிகக் கடியது ஒன்று உளது. மதுரையில் திருஞானசம்பந்தரோடு வாதிட்டுத் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்னும் பெரியபுராணச் செய்தி அது. அக்காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இதற்குச் சான்று பகர்ந்திலது. சமணர் நூல்களும் இத்தகைய பேரழிவைக் கூறவில்லை. ஆதலின் நிகழ்ந்தது என்பதை அறிஞர் பலர் ஐயுறுகின்றனர். இங்குச் சைவர் இருதலைப்பட்ட நிலையில் நிற்கின்றனர். நிகழ்ந்தது எனின், அருளாளர் முன்னிலையில் அத்துணை உயிர்கள் மாய்ந்தமை எங்ஙனம் பொருந்தும் என்னும் அறவினா எழும். நிகழவில்லை எனின், புராணம் கூறுவன யாவும் நிகழ்ச்சியே என்னும் கொள்கை நில்லாது. இருவினாக்களையும் கேளாதார் போன்று, அவ்வரலாற்றை வெற்றிச் செய்தியாகக் கூறிச் செல்வது எளிது. ஆனால் அதனைக் கேட்கும் இளைஞன் ஒருவன் உள்ளத்துள் அவ்வினாக்கள் இரண்டும் கூறப்படாமலே எழும். அவன் வினவுதற்கு இடமில்லையேல், வினவாமலே விலகுவான். கழுவேற்றத்தைப் பெருமையாகக் கொண்டாடுதல் அருள்நெறிக்கு ஒவ்வாது என்று கூறுதற்குச் சைவர் எந்த ஏட்டின் தீர்ப்பையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

இங்ஙனம் மனையை நோக்கிய பின்னர், மார்மன் சபையாரைப் பார்த்து நகைத்தற்கு எவர்க்கும் இடமில்லை என்பது புலனாகும். வேற்றுமை இல்லையோ எனின், உண்டு. ஒரு நாளில், ஓரிடத்தில், ஒருவர்க்குக் கிடைத்த தகடுகளின்மேல் அச்சபை தன்னை நிறுத்திற்று. அந்நிகழ்ச்சி பொய்ப்படின் அடித்தளமே பெயரும். சிவஞானபோதமோ ஒவ்வொரு நூற்பாவின் பொருளையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பவற்றான் நிறுவிச் செல்கின்றது. இறைவன் உளன் என்பதும், உயிர்கள் பல என்பதும், பாசம் உளது என்பதும் காரணங்காட்டிக் கூறப்பட்டன. முதனூலாயினும் வழிநூலாயினும் அக்காரணங்களின் வலி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அருணந்தி சிவம் சித்தியாரின் பரபக்கத்திற் பதினால்வர் புறச்சமயக் கொள்கைகளை அவரவர் வாயாற் கூறுவித்து, அதன் பின்னரே மறுத்தார். தம் மாணவர் மாற்றார் கூற்றைத் தம் வாயிலாகவே முதற்கண் கேட்கவேண்டும் எனக் கருதிய ஆசிரியர் அவர். சேக்கிழாரும் அப்பரடிகள் சமணத்திற் சேர்ந்து தருமசேனராய் இருந்தமையை மறைத்திலர். சுந்தரர் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்தமையையும் மறைத்திலர். தில்லையிற் பூட்டிய அறையிலிருந்த திருமுறை ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துப் போயின என்பதைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. தம் இழப்பையே வரலாறாக எழுதி வைத்த மரபிற்கு வரலாற்றைக் கண்டு அஞ்சவேண்டுவது இல்லை.

ஆயினும், 'எமக்கு அனுபவம் உளது. வரலாறு எக்கேடு கெடினும் எமக்கென்' என்று ஒதுங்குதலும் நன்றன்று. மார்மன் சபையாரும் வேண்டுதல் செய்து, நெஞ்சிற் கனிந்த உணர்வையே தம் நூலின் மெய்ம்மைக்குச் சான்றாகக் கூறுவர். அவ்வுணர்வு பொய் என்று எவர் கூறவல்லார்? ஆனால் பொற்றகடுகள் இருந்தனவா என்பதை அவ்வுணர்வு காட்டாது. அங்ஙனமே, திருமுறை ஓதுங்கால் உள்ளம் உருகுதல் மெய்யே. இரௌரவத்தில் அச்சூத்திரங்கள் இருந்தனவா என்பதை அவ்வுருக்கம் முடிவு செய்யாது. காட்சி, கருதல், உரை எனச் சித்தாந்தம் கொண்ட அளவைகள் ஒவ்வொன்றற்கும் உரிய பொருள் உண்டு. ஏட்டின் காலத்தை ஏட்டாராய்ச்சியாற் காண்க. இறைவனது அருளை வழிபாட்டாற் காண்க. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தலே இருபாலார்க்கும் உள்ள பிழை. அனுபவத்தால் வரலாற்றை மறுப்பார் பிழைத்தார்; ஓலையிற் காணாமையால் இறைவனே இல்லை என்பாரும் பிழைத்தார்.

எனவே, கற்பிப்பார் கடமை சில உள. மரபு கூறுவது இது, சான்று காட்டுவது இது, இன்னும் முடியாதது இது என மூன்றனையும் பிரித்துக் கூறுதல் முதற்கடமை. ஐயம் வினவியவரைச் சமயத் துரோகி என்னாது, தெரியாததைத் தெரியாது எனக் கூறுதல் இரண்டாவது. தம்மினும் இளையார் உண்மை காட்டின் ஏற்றல் மூன்றாவது. மெய்கண்டாரின் குலகுருவாகிய அருணந்தி சிவம், வயதின் மூப்பையும் கல்வியின் பெருமையையும் கருதாது அம்மெய்கண்டார்க்கே மாணாக்கராயினர் என்பது சைவர் அறிந்த வரலாறே. ஐயுறுவார்க்கும் கடமை உண்டு. புதிதாகக் கேட்ட ஒரு செய்திக்காக, நெடுநாள் தம்மை உருவாக்கிய நெறியை ஒரு பகலில் எறிந்துவிடலாகாது. பொய்யும், மறைப்பும், பிழைபட்ட மரபும் தம்முள் வேறு என அறிந்து, வஞ்சித்தவர்பாற் காட்டும் சினத்தை நல்லெண்ணத்தொடு பிழைத்த முன்னோர்பாற் காட்டாதிருத்தல் வேண்டும். ஆராய்ந்தார் கூற்றையும் ஆராய்தல் வேண்டும். எல்லிஸ் துரை பொய்யைச் சரியாகக் கண்டும், செய்தாரைக் கருதுதலிற் பிழைத்தமை முன்னர்க் கூறப்பட்டது.

புதுச்சேரியின் இருவகை ஏடுகளும் இவ்வுண்மையை உணர்த்தி நிற்கின்றன. ஒன்று, மெய்யைப் போலப் புனையப்பட்டு, ஆராய்ச்சியின் முன் நில்லாது வீழ்ந்தது. மற்றது, ஆராய்ச்சியினாலேயே செல்லினின்றும் மீட்கப்பட்டு, சில மரபுகளை அசைத்தும், பல ஞானநூல்களை உலகிற்கு அளித்தும் நிலைபெற்று வருகின்றது. சைவநெறி மெய்யாயின், மெய்யைத் தேடும் எம்முயற்சியும் அதற்குப் பகையாகாது. அந்நெறியின் மக்கள் தம் வரலாற்றை அயலார் வாயிற் கேட்டு நெஞ்சுடையும் நிலை வாராவண்ணம், அதனைத் தம் இல்லத்திலும் மடத்திலும் பள்ளியிலும் தாமே கற்பித்தல் வேண்டும். அஞ்சாது கற்பிக்கும் அவ்வாசிரியர் பெருகுக. ஐயுற்றாரை அன்பொடு கேட்கும் செவிகள் பெருகுக.

திருச்சிற்றம்பலம்